கட்டிக் கொடுக்கிற துணி

எங்கள் வீட்டு பீரோவின் கீழ்த்தட்டு முழுக்க ஜாக்கெட் பிட்டுகள்தான். கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து, கொலு என்று எந்த வீட்டுக்குப் போனாலும் வெற்றிலை பாக்கோடு ஒன்று கையில் வந்துவிடும். தைத்துப் போடலாம் என்று எடுத்தால் ஒன்றின் நிறம் எந்தப் புடவைக்கும் சேராது, இன்னொன்று உடம்பில் உறுத்தும். கடைசியில் அடுத்த விசேஷத்துக்கு அந்தக் குவியலிலிருந்தே ஒன்றை உருவி யாருக்காவது கொடுத்துவிடுவோம். அவர்கள் வீட்டு பீரோவிலும் இதே குவியல்தான் இருக்கும். ஒருமுறை கிருஷ்ணகிரியில் ஒரு வளைகாப்பில் எனக்குக் கத்திரிப்பூ நிறத்தில் ஒரு பிட்டு கொடுத்தார்கள். ஓரத்தில் மஞ்சள் கறை. அது எப்போதோ நான் யாருக்கோ கொடுத்த பிட்டு. எத்தனை வீடு சுற்றிவிட்டு வந்ததோ, மடிப்புகூடக் கலையவில்லை.

அந்தப் பிட்டுகளை வைத்து வேறு ஏதாவது செய்யலாம் என்று எனக்குத் தோன்றியது மகளின் பிறந்தநாளுக்கு மறுநாள். வந்த பரிசுகளையெல்லாம் பிரித்ததில் கூடம் முழுக்க ஜிகினாக் காகிதம். மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் பூக்கள், சுருள் ரிப்பன்கள் வேறு. குப்பை வண்டிக்காரம்மா அந்த மூட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதை எதுல போடறதுன்னே தெரியலம்மா. மக்கறதும் இல்ல, மக்காததுலயும் எடுக்க மாட்டாங்க" என்றார். 

நான் ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் பாகங்கள் அட்டைப்பெட்டியில் போவதில்லை. நீல பிளாஸ்டிக் கிரேட்டுகளில் அடுக்கி பெங்களூருக்கு அனுப்புவோம். அடுத்த லோடு எடுக்க வரும் லாரியில் காலி கிரேட்டுகள் திரும்பி வந்துவிடும். தினமும் கையில் புழங்குகிற வழக்கம்தான் என்றாலும், வீட்டுக்கு வந்து பரிசு கட்ட உட்கார்ந்தால் காகிதத்தைத் தவிர வேறெதுவும் நினைவுக்கு வந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிட்டுகளைத் தரையில் பரப்பினேன். ஜாக்கெட் பிட்டு சதுரமாக இருக்காது, ஒரு பக்கம் நீளம் அதிகம். அந்த அதிக நீளத்தைக் கத்தரித்துவிட்டால் சதுரம் கிடைக்கிறது. நடுவில் பொருளை வைத்து எதிரெதிர் முனைகளை எடுத்துக் கட்டுச்சோற்று மூட்டை போல முடிச்சுப் போட்டால் போதும், ஒட்டுவதற்கு டேப்பும் வேண்டாம். கத்தரித்த நீளத் துண்டை வீணாக்காமல் அதிலேயே ஒரு பூ செய்து முடிச்சின் மேல் வைக்கலாம் என்று நினைத்தேன். துண்டை நீளவாக்கில் மடித்து, பிசிறுள்ள ஓரத்தில் ஓட்டுத் தையல் போட்டு, நூலை இழுத்தால் துணி சுருங்கிக்கொண்டு வரும். அதைச் சுருட்டி, அடியில் நாலு தையல் போட்டு, நடுவில் ஒரு பட்டன் வைக்க வேண்டும். பின்பக்கம் ஒரு ஊக்கு இருந்தால் பூவைத் தனியாகக் கழற்றி வேறொன்றில் குத்திக்கொள்ளலாம்.

முதல் பூ முட்டைக்கோஸ் மாதிரி வந்தது. இரண்டாவதன் பிசிறை அடக்கலாமென்று மெழுகுவத்தியில் காட்டினேன். அது கலப்படத் துணி. சுருங்கிக் கறுத்து, அடுப்படி வரை நாற்றம் அடித்தது. பருத்தித் துணியில்தான் பூ நிற்கும் என்பது அப்புறம் புரிந்தது. பட்டனுக்குக் கடைக்குப் போகவில்லை. கணவரின் பழைய சட்டைகளிலிருந்து வெட்டி வைத்தவை ஒரு ஊறுகாய் பாட்டில் நிறைய இருந்தன. கிழிந்த துப்பட்டாவின் லேஸ், மகள் பள்ளிக்கூடத்து வேலைக்கு வாங்கி மிச்சம் வைத்த உல்லன் நூல், அறுந்த மாலையின் மணிகள் எல்லாவற்றுக்கும் இடம் கிடைத்தது. ஒன்றிரண்டு வாரத்தில் பார்ப்பதற்குப் பூ என்று சொல்லத்தக்க ஏதோ ஒன்று வந்தது. கம்பெனியில் ஒரு தோழியின் குழந்தைக்கு அப்படிக் கட்டிக் கொடுத்தேன். "இதைப் பிரிக்கவே மனசு வரல" என்றாள். ஆனால் உடனே பிரித்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் கீழ்வீட்டு அக்கா புது வீட்டுக்குப் பால் காய்ச்ச எங்களை அழைத்தார்.

நாங்கள் மாடியில் குடியிருக்கிறோம், அவர் கீழே. கெலமங்கலம் பக்கத்துக்காரர். மகனோடு வீட்டில் தெலுங்கு, வேலைக்குப் போகிற இடத்தில் கன்னடம், எங்களோடு தமிழ். ரோஜா வளர்க்கிற பசுமைக்குடில் ஒன்றில் தரம் பிரித்துக் கட்டுகிற வேலை அவருக்கு. கணவர் இறந்தபோது மகன் ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தானாம். இப்போது அவனும் ஒரு கம்பெனியில் நிரந்தரமாகிவிட்டான். இருவருமாகச் சேர்ந்து கெலமங்கலம் சாலையில் ஒரு சின்ன வீடு கட்டியிருந்தார்கள்.

அக்கா மாங்காய் ஊறுகாய் நன்றாகப் போடுவார். அதனால் அவருக்கு ஒரு பெரிய பீங்கான் ஜாடி வாங்கினேன். வயிறு பருத்துக் கழுத்து ஒடுங்கிய அந்த ஜாடியைக் காகிதத்தில் சுற்றுவது முடியாத காரியம். துணிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இலைப்பச்சையில் மெல்லிய மாம்பழ நிறக் கரை போட்ட பிட்டு ஒன்று இருந்தது. குவியலிலேயே அழகானது அதுதான். அதில் கட்டி, கத்தரித்த துண்டில் ஒரு பூவும் செய்து மேலே குத்தினேன். கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தபோது எனக்கே பிடித்திருந்தது.

என் மாமியார் கூடத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஊர் நாகரசம்பட்டி. மாமா இறந்த பிறகு எங்களோடுதான் இருக்கிறார். என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு, "கீழ்வீட்டுக்கா?" என்று கேட்டார்.

"ஆமா அத்தை."

"அவங்களுக்கு வேணாம்மா. வேற ஏதாச்சும் துணியில கட்டு."

"ஏன், நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்குது. ரவிக்கைத் துணி இல்ல அது?"

அவர் சொல்வது எனக்கு உடனே விளங்கவில்லை. கணவர் இல்லாதவருக்கு ரவிக்கைத் துணி கொடுக்க மாட்டார்கள் என்பதைச் சொல்கிறார் என்று விளங்கியதும், "இப்ப யாரு அத்தை அதெல்லாம் பாக்கறாங்க?" என்றேன்.

அத்தை அவரைக்காய் உரிப்பதை நிறுத்தவில்லை. "பாக்கறாங்க. பத்துப் பேரு இருக்கற எடத்துல அது அவ கைக்குப் போனா, சுத்தி இருக்கறவங்க மூஞ்சி ஒரு நிமிசம் மாறும். அந்த மூஞ்சியப் பாக்கறது நீ இல்ல. அவதான்" என்றார்.

 அத்தையும் நானும் எத்தனையோ விசேஷங்களுக்குச் சேர்ந்து போயிருக்கிறோம். தாம்பூலத் தட்டு எங்கள் வரிசைக்கு வருவதற்குள் அத்தை தண்ணீர் குடிக்கவோ, யாரையோ பார்க்கவோ எழுந்து போயிருப்பார். அது தற்செயல் என்றுதான் நான் எடுத்துக்கொண்டிருந்தேன். யாருடைய முகமும் மாறுவதற்கு இடம் கொடுக்காமல் அவரே முன்கூட்டி எழுந்துகொள்கிறார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

துணியை மாற்றிவிடுவது சுலபம். பழைய போர்வையில் ஒரு துண்டு இருந்தது. ஆனால் தோழிக்கு ரவிக்கைத் துணியில் கட்டிவிட்டு இவருக்கு மட்டும் போர்வைத் துணி என்றால், ஊர் செய்வதைத்தான் நானும் செய்கிறேன் என்று ஆகும். மாற்றாமல் கொண்டுபோய் எல்லார் முன்னாலும் நீட்டினால், என் தைரியத்துக்கு அவரைப் பலியாக்குவது போல இருக்கும். எப்படிப் பார்த்தாலும் நான் அவரைக் கேட்காமலேயே அவருக்காக முடிவு செய்துகொண்டிருந்தேன். கேட்டுவிடலாம் என்று ஜாடியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன்.

அக்கா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். மகன் வெளியே போயிருந்தான்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க."

"கேளு கண்ணு."

"பால் காய்ச்சற அன்னிக்குக் குடுக்கலாம்னு கட்டினேன். துணி ஜாக்கெட் பிட்டு. எனக்கு அது வெறும் துணிதான். நீங்க எப்படி நெனைப்பீங்கன்னு தெரியல. இப்படியே குடுக்கட்டுமா, வேற துணியில கட்டட்டுமா?"

அவர் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஜாடியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். முதலில் பூவைத்தான் கழற்றினார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது ரோஸா?" என்று கேட்டார்.

"ரோஸ்னு நெனச்சுதான் பண்ணேன்."

"எங்க கம்பெனியில இது மூணாவது கிரேடுல கூடப் போவாது" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது.

பிறகு முடிச்சைத் தடவிக்கொண்டே பேசினார். "தெலுங்குல இத 'ரவிக்க குட்ட'ன்னு சொல்லுவோம் எங்க வீட்ல. எங்க வீட்டுக்காரர் போனப்பறம் யாரும் குடுத்தது இல்ல. வேணும்னா கடையில நானே வாங்கித் தெச்சுக்கறேன், அது ஒரு கொறை இல்ல. வாங்காததுகூடப் பழகிடுச்சு கண்ணு. குடுக்க முடியாததுதான் இப்ப கஷ்டமா இருக்குது."

"குடுக்க முடியாததுன்னா?"

"என் வீடு இல்ல அது? பையனுக்கு இன்னும் கல்யாணம் ஆகல. அதனால கொழுந்தனாரும் ஓரகத்தியும்தான் பூஜையில உக்காருவாங்க. வர்றவங்களுக்குத் தாம்பூலமும் ஓரகத்தி கையாலதான். நல்லவதான் அவ, அவமேல குத்தம் இல்ல. நான் உள்ள சாம்பாரு பத்துதா இல்லியான்னு பாத்துக்கிட்டு இருப்பேன்."

பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலத்தான் இதைச் சொன்னார்.  அவர் பூவை மறுபடி துணியில் குத்தினார், சரியான இடத்தில். பிறகு கேட்டார்:

"இது தாம்பூலம் இல்லியே?"

"இல்லக்கா. சும்மா கட்டற துணி. பிரிச்சுட்டு, வாங்கினவங்க அதுலயே வேற யாருக்காச்சும் கட்டிக் குடுக்கலாம்."

"வெத்தல, மஞ்சள், குங்குமம் ஒண்ணும் கெடையாது."

"ஒண்ணும் கெடையாது."

"அப்ப இப்படிக் கட்டி நான் குடுக்கலாம்" என்றார். என்னிடம் அனுமதி கேட்கிற குரல் இல்லை அது. கணக்குப் போட்டு விடை கண்டவரின் குரல். வருகிறவர்களுக்கென்று சின்ன எவர்சில்வர் டப்பாக்கள் வாங்கி வைத்திருந்தார். தாம்பூலப் பையோடு ஓரகத்தி கொடுப்பதாக இருந்தவை. அவற்றைத் தனியாக எடுத்துத் துணியில் கட்டித் தன் கையால் கொடுத்துவிடலாம் என்றார்.

ஒரு ஜாக்கெட் பிட்டில் சின்ன டப்பாவுக்கு நாலு சதுரம் வரும். அப்படியும் என்னிடம் இருந்தவை போதாது. கம்பெனியில் கேட்டேன். கேட்ட எல்லாரும் மறுநாளே ஒரு கை நிறையக் கொண்டுவந்தார்கள். "எடுத்துட்டுப் போ தாயே, பீரோ காலியாகட்டும்" என்றாள் ஒருத்தி.

அத்தையிடம் விஷயத்தைச் சொன்னேன். சற்று நேரம் கழித்து அவர் தன் டிரங்குப் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. அடியிலிருந்து ஒரு வேட்டித்துணி மூட்டையை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். உள்ளே கிளிப்பச்சை, ராமர் நீலம், அரக்கு என்று இப்போது கடைகளில் பார்க்க முடியாத நிறங்களில் பிட்டுகள். எல்லாம் கெட்டியான பருத்தி.

"மாமா இருந்தப்ப வந்தது" என்றார்.

"இத்தனை நாளா எதுக்கு அத்தை வெச்சிருந்தீங்க?"

"தெச்சுப் போடத் தோணல. தூக்கிப் போடவும் தோணல."

 கத்தரியை எடுத்து முதல் துணியை அவரே வெட்டினார்.

அடுத்த சில சாயங்காலங்கள் எங்கள் கூடத்தில் மூன்று பேரும் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்தோம். அக்காவுக்குத் தையல் வராது, ஊசியில் நூல் கோக்கவே கண் தெரியவில்லை என்பார். அவர் துண்டுகளைச் சுருட்டுவார், நான் தைப்பேன், அத்தை பட்டன் வைப்பார். எப்படிச் சுருட்டினாரோ, உள்சுற்று இறுக்கமாகவும் வெளிச்சுற்று தளர்வாகவும் வந்து, பூக்கள் நான் தனியாகச் செய்ததைவிட நன்றாக இருந்தன. "இப்ப ரெண்டாவது கிரேடு" என்றார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அத்தைக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஒவ்வொரு பூவும் வேறுவேறாக இருந்தால்தான் பார்க்க அழகு என்பது அத்தையின் கட்சி. ஒரே மாதிரி இல்லாவிட்டால் உனக்குப் பெரிசு எனக்குச் சிறிசு என்று யாராவது ஒப்பிடுவார்கள் என்பது அக்காவின் பயம். கடைசியில் நிறம் எதுவாகவும் இருக்கட்டும், பூவின் அளவு மட்டும் ஒன்றாக இருக்கட்டும் என்று முடிவானது. ஒரு பூ அளவு தப்பினால் அத்தை அதை நைசாகத் தன் பக்கம் ஒதுக்கி வைத்துக்கொள்வார். இருவரும் பேசிக்கொண்டதெல்லாம் மாங்காய், மூட்டு வலி, பஸ்ஸில் இடம் கிடைக்காதது பற்றித்தான். தங்கள் இருவருக்கும் பொதுவான அந்த ஒன்றைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசி நான் கேட்கவில்லை.

பால் காய்ச்சுகிற நாளில் காலையிலேயே போய்விட்டோம். வீடு சின்னதாக இருந்தாலும் வெளிச்சமாக இருந்தது. அக்கா சொன்னபடியே கொழுந்தனாரும் ஓரகத்தியும் பூஜையில் உட்கார்ந்தார்கள். அக்கா உள்ளுக்கும் வெளிக்குமாக நடந்துகொண்டிருந்தார். சாப்பாடு முடிந்து ஜனங்கள் கிளம்ப ஆரம்பித்ததும் ஓரகத்தி தாம்பூலத் தட்டோடு வாசல் பக்கம் வந்து நின்றார். அக்கா சமையலறையிலிருந்து வெளியே வந்தார். ரோஜா அடுக்குகிற பிளாஸ்டிக் கிரேட்டு ஒன்றில் துண்டு விரித்து, எங்கள் மூட்டைகளை அதில் வரிசையாக அடுக்கியிருந்தார். அதை ஒரு ஸ்டூல் மேல் வைத்துவிட்டு, ஓரகத்தியின் பக்கத்தில் நின்றுகொண்டார்.

ஓரகத்திக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை போலிருக்கிறது. கிரேட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். தட்டைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. அத்தை சொன்ன அந்த ஒரு நிமிஷம் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஓரகத்தி தட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, அக்கா நிற்பதற்கு இடம் விட்டு நகர்ந்தார்.

முதலில் வந்தவர்கள் பசுமைக்குடிலில் அவரோடு வேலை செய்கிற பெண்கள். குங்குமம் எடுத்துக்கொண்டு, தாம்பூலம் வாங்கிக்கொண்டு, இந்தப் பக்கம் திரும்பி அக்கா கையிலிருந்து மூட்டையையும் வாங்கினார்கள். ஒருத்தி அங்கேயே பூவைக் கழற்றித் தன் பையில் குத்திக்கொண்டாள். ஒரு வயதான உறவுக்கார அம்மா துணியைத் தடவிப் பார்த்து, தெலுங்கில் ரவிக்கைத் துணியா என்று கேட்டார். அக்கா எங்களுக்கும் புரியட்டும் என்று தமிழில் பதில் சொன்னார்.

"கட்டற துணிதான் பெரியம்மா. டப்பாவ எடுத்துக்கிட்டு, துணியில நீங்க வேற யாருக்காச்சும் கட்டிக் குடுங்க."

அந்த அம்மா தலையாட்டிவிட்டு வாங்கிக்கொண்டார். எல்லாரும் அப்படி இல்லை. ஒருவர் நீட்டிய கையைப் பாதியில் மடக்கிக்கொண்டு, "நான் அப்பவே வாங்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு வேகமாக இறங்கிப் போனார். அக்கா அந்த மூட்டையை அடுத்து வந்தவரிடம் கொடுத்தார்.  

எல்லாரும் போன பிறகு நாற்காலிகளை அடுக்கும்போது ஒரு நாற்காலியின் மேல் ராமர் நீலத் துணி கிடந்தது. டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு துணியையும் பூவையும் யாரோ விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மறதியாகவும் இருக்கலாம். அத்தை அதை எடுத்து, உதறி, நாலாக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். அக்கா அதைப் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால், "சாம்பாரு மிச்சம் இருக்குது, தூக்குல ஊத்தித் தரேன், எடுத்துட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு அவர் முகம் எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால், களைத்துப் போயிருந்தது என்றுதான் சொல்வேன். தன் வீட்டு விசேஷத்தில் கடைசி ஆள் கிளம்பும் வரை வாசலில் நின்றவரின் களைப்பு.

திரும்பும் பஸ்ஸில் அத்தை ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். பஸ் ராயக்கோட்டை சாலையில் திரும்பியதும் என் பக்கம் சாய்ந்தார். பிறகு கேட்டார்: "எங்கண்ணன் பேத்திக்குக் காது குத்தறாங்கல்ல, அதுக்கு என்ன வாங்கலாம்?"

"வெள்ளிக் கொலுசு வாங்கலாம் அத்தை. நான் கட்டித் தரேன்."

"நீ கட்டிக் குடு. குடுக்கறது நான் குடுக்கறேன்."

வழக்கமாக இந்தப் பொறுப்பு என்னுடையது. பரிசை நான் கொடுப்பேன், அத்தை பின்வரிசையில் இருப்பார். சரி என்று மட்டும் சொன்னேன்.

மாங்காய் சீசன் தொடங்கியபோது நாகரசம்பட்டியில் காதுகுத்து நடந்தது. கிளிப்பச்சைத் துணியில் கொலுசுப் பெட்டி, மேலே அரக்கு நிறப் பூ. குழந்தையைத் தாய்மாமன் மடியிலிருந்து எடுத்ததும் அத்தை நேராகப் போய் அதை நீட்டினார். அவருடைய அண்ணி வாங்கிக்கொண்டு, "யாரு பண்ணது இது?" என்று கேட்டார்.

"நானும் எம்மருமவளும்தான்."

 அண்ணி பூவைக் கழற்றிக் குழந்தையின் கவுனில் குத்திவிட்டு, பெட்டியை மற்றப் பரிசுகளோடு வைத்தார். காது வலியில் அழுதுகொண்டிருந்த குழந்தை பூவைப் பார்த்ததும் அழுகையை நிறுத்தி, நடுவில் இருந்த பட்டனைப் பிடித்து இழுத்து வாயில் வைத்தது. அத்தை எட்டிப் பிடுங்கி, "வுடு கண்ணு, வுடு, தொண்டையில போய் மாட்டிக்கும்" என்று பூவைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். குழந்தை மறுபடி வீறிட்டு அழ ஆரம்பித்தது.

வீட்டுக்கு வந்ததும் மீதிப் பூக்களை எடுத்து, ஊக்கு, பட்டன் இரண்டையும் கழற்றினோம். இப்போதெல்லாம் குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு என்றால் நடுவில் துணியையே முடிச்சாகப் போட்டு, பூவை நூலால் துணியோடு கட்டிவிடுகிறோம்.